நிமோனியா என்று சொல்லிவிட்டு ஆன்டிபயாடிக் இல்லாமல் அனுப்பலாமா?

கேள்வி இது: "என் மகனுக்கு இரண்டு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். மூச்சு வேகமாக வாங்குகிறது, லேசான நிமோனியா என்று மருத்துவர் சொன்னார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சி.ஆர்.பி. பார்த்தார், 18 என்று வந்தது. ஆன்டிபயாடிக் இப்போது வேண்டாம், இரண்டு நாள் கழித்துக் கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நிமோனியாவுக்கு மருந்து கொடுக்காமல் விடலாமா? ஒரு சொட்டு ரத்தத்தை நம்பலாமா?"

உங்கள் பயம் நியாயமானது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 7,40,000 குழந்தைகளை நிமோனியா பறித்துக்கொண்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்தப் பெயரைக் கேட்டதும் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். ஆனாலும் உங்கள் மருத்துவர் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டார் என்று நான் நினைக்கவில்லை. குழந்தையை நன்றாகப் பரிசோதித்து, ஆக்சிஜன் அளவு பார்த்து, திரும்ப வரவேண்டிய நாளையும் சொல்லியிருந்தால் அவர் எடுத்தது நிதானமான முடிவு. அந்த 18 என்ற எண்ணை மட்டும் பார்த்து அனுப்பியிருந்தால் அது போதாது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், "லேசான நிமோனியா" என்று அவர் எதை வைத்துச் சொன்னார்? இருமல் உள்ள குழந்தை ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்பதுதான் உலகம் முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கைக்கொள்ளும் அளவுகோல். 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேக மூச்சு. வேக மூச்சோ, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவதோ இருந்தால் நிமோனியா என்று வகைப்படுத்துவார்கள். எக்ஸ்ரே கருவியும் மருத்துவரும் இல்லாத கிராமத்தில், ஒரு செவிலியர் கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக உருவான அளவுகோல் இது. ஒரு குழந்தையையும் தவறவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆகவே வைரஸ் சளி, இளைப்பு, வெறும் காய்ச்சல் என்று பலவும் அந்த வலையில் சேர்ந்து விழும்.

இந்த எண்ணிக்கையைச் சரியாக எடுப்பதே ஒரு கலை. குழந்தை அம்மாவின் மடியில் அமைதியாக இருக்க வேண்டும். தூங்கினால் இன்னும் நல்லது. சட்டையை மெல்ல உயர்த்தி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பு வரும், ஏனென்றால் குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. அழுகிற குழந்தையிடம் எண்ணியதற்கு மதிப்பில்லை. காய்ச்சல் 39 டிகிரியில் இருக்கும்போது எண்ணினால் கூடுதலாக வரும். காய்ச்சலைத் தணித்துவிட்டு மறுபடி எண்ணிப் பார்ப்பது நல்லது. நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் 15 முதல் 20 நிமிட இடைவெளியில் மூன்று முறை வரை கொடுத்துவிட்டு மறுபடி எண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். 52 என்று எண்ணிய மூச்சு அப்போது 36க்கு இறங்கிவிட்டால் அந்தக் குழந்தைக்கு இருந்தது இளைப்பு. அதற்கு ஆன்டிபயாடிக் எதையும் செய்யாது. நம் ஊர் வெளிநோயாளர் பிரிவுகளில் நெரிசலின் காரணமாக அதிகம் விட்டுப்போகிற படி இதுதான் என்பது என் எண்ணம். எந்த ரத்தப் பரிசோதனைக்கும் முன்னால் இது நடந்தாக வேண்டும்.

அடுத்து, கிருமியை நேரடியாகக் கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். நிமோனியாவில் கிருமி இருப்பது நுரையீரலின் அடியாழத்தில். சிறு குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். ரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் நிமோனியா குழந்தைகளில் மிகச் சிலருக்கே அது தெரியும், அதற்கும் ஓரிரு நாள் ஆகும். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் பார்க்கலாம் என்றால் அங்கே வேறொரு சிக்கல்: நிமோனியா உண்டாக்கும் முக்கிய பாக்டீரியாவான நியூமோகாக்கஸ், நோயே இல்லாமல் ஓடி விளையாடும் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகக் குடியிருக்கிறது. பெரியவர்களுக்கு ஓரளவு கைகொடுக்கும் சிறுநீர் நியூமோகாக்கஸ் பரிசோதனை குழந்தைகளிடம் தோற்றுப்போவதற்கும் இதுவே காரணம். மூக்கில் கிருமி குடியிருந்தாலே அது "ஆம்" என்று காட்டிவிடும்.

இந்தச் சிக்கலைத் தாண்டுவதற்காகவே வங்கதேசம், தாய்லாந்து, காம்பியா, மாலி, கென்யா, சாம்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் 'பெர்ச்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. கடும் நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை, அதே ஊர்களில் நிமோனியா இல்லாத குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, எச்.ஐ.வி. தொற்று இல்லாத, எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்த குழந்தைகளில் 100க்கு 61 பேருக்குக் காரணம் வைரஸ். 27 பேருக்கு பாக்டீரியா. 6 பேருக்குக் காசநோய். ஆர்.எஸ்.வி. என்ற ஒரே ஒரு வைரஸின் பங்கு மட்டும் 31. இவர்கள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு முற்றிய நிலையில் இருந்த குழந்தைகள் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர்களிலேயே வைரஸின் கை இவ்வளவு ஓங்கியிருக்கிறது.

இப்போது அந்த ஒரு சொட்டு ரத்தத்துக்கு வருவோம். சி.ஆர்.பி. என்பது கிருமியைப் பார்க்கும் பரிசோதனை அன்று. உடலில் அழற்சி ஏற்பட்டால் கல்லீரல் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு அது; இங்கே நான் சொல்லும் எண்களெல்லாம் ஒரு லிட்டருக்கு இத்தனை மி.கி. என்ற கணக்கு. தூண்டுதல் தொடங்கிச் சுமார் 6 மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து, ஒன்றரை முதல் இரண்டு நாளில் உச்சம் தொடும். பாக்டீரியா தாக்கினால் பொதுவாக அதிகம் ஏறும். வைரஸ் என்றால் குறைவாக. "பொதுவாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அடினோ வைரஸ் சி.ஆர்.பி.யை எகிற வைக்கும். பாக்டீரியா நிமோனியா தொடங்கி எட்டு மணி நேரமே ஆன குழந்தைக்கு எண் சிறிதாகவே இருக்கும். பெர்ச் ஆய்வுக் குழந்தைகளிலேயே இதையும் பார்த்தார்கள்: பாக்டீரியா என்று உறுதியானவர்களில் 100க்கு 77 பேருக்கு சி.ஆர்.பி. 40 அல்லது அதற்கு மேல் இருந்தது, ஆர்.எஸ்.வி. நிமோனியாவில் 17 பேருக்கு மட்டுமே. நல்ல இடைவெளிதான். ஆனால் திருப்பிப் படித்துப் பாருங்கள்: உறுதியான பாக்டீரியா நிமோனியா இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு எண் 40க்குக் கீழே. மோசமான நிலையில் இருக்கும் குழந்தையிடம் இந்த எண்ணைக் காட்டி ஆன்டிபயாடிக்கை நிறுத்தக் கூடாது என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

அப்படியானால் இதனால் யாருக்குப் பயன்? நடுவில் நிற்கும் குழந்தைக்கு. ஓடியாடும் சளிக் குழந்தைக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். பால் குடிக்க முடியாமல் துவண்டு கிடக்கும் குழந்தைக்கும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆக்சிஜன், ஊசி மருந்து, மருத்துவமனை. மூச்சு சற்று வேகம், ஆனால் முகத்தில் தெளிவு, ஆக்சிஜன் சரி என்று இருக்கும் உங்கள் மகன் போன்ற குழந்தைதான் மருத்துவரை யோசிக்க வைப்பவன்.

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் நடந்த ஆய்வை இந்தத் துறையில் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட காய்ச்சல் குழந்தைகள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவ அறிகுறிகளை வைத்த வழிகாட்டி. மறு பிரிவுக்கு அதோடு ஆக்சிஜன் அளவும் சி.ஆர்.பி. உள்ளிட்ட உடனடிப் பரிசோதனைகளும் சேர்ந்த கையடக்கக் கணினி வழிகாட்டி. நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுக்க சி.ஆர்.பி. 80ஐத் தொட வேண்டும் என்று வைத்தார்கள். 2017இல் முடிவு வந்தது. முதல் பிரிவில் 100க்கு 30 பேருக்கு ஆன்டிபயாடிக். பரிசோதனைப் பிரிவில் 11 அல்லது 12 பேருக்கு. ஒரு வாரத்தில் உடல் தேறாமல் போனவர்கள் முதல் பிரிவில் 4.1, பரிசோதனைப் பிரிவில் 2.3 சதவீதம். மருந்தைக் குறைத்தும் குழந்தைகள் கூடுதலாகத் தேறினார்கள். அதே ஊரில் எந்த வழிகாட்டியும் இல்லாத வழக்கமான சிகிச்சையில் 100க்கு 95 குழந்தைகள் ஆன்டிபயாடிக்கோடு வீடு திரும்பினார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வியட்நாமில், ஹனோயைச் சுற்றியுள்ள சுகாதார நிலையங்களில், பாதிப் பேர் குழந்தைகளாகச் சுமார் 2,000 பேரிடம் நடந்த ஆய்வில் குறைவு இவ்வளவு பெரிதாக இல்லை: 78 சதவீதம் 64 ஆனது, அவ்வளவே. அங்கே ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு 10க்குள் இருந்தால் மருந்து வேண்டாம், 50க்கு மேல் போனால் பெரும்பாலும் வேண்டும், இடையில் இருந்தால் மருத்துவரின் தீர்மானம் என்று வைத்திருந்தார்கள். உங்கள் மகனின் 18ஐ இந்த இரண்டு ஊர்களிலும் வைத்துப் பாருங்கள். தார் எஸ் சலாமில் அது தெளிவான "வேண்டாம்". ஹனோயில் அது "மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும்". எண் ஒன்றுதான், சுற்றியிருக்கும் விதிகள் வேறு. தான்சானியாவில் வென்றது சி.ஆர்.பி. மட்டும் அன்று, ஆக்சிஜன் அளவு, மூச்சு எண்ணிக்கை, மறுவருகை எல்லாம் சேர்ந்த ஒழுங்கு.

பரிசோதனையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேரியா நல்ல பாடம். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மலேரியா உடனடிப் பரிசோதனை அட்டைகள் வந்தபோது மலேரியா மருந்தின் வீண் செலவு குறைந்தது. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மலேரியா இல்லை என்று வந்தவர்களில் 100க்கு 69 பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதப்பட்டிருந்தது. மலேரியா உறுதியானவர்களில் 40 பேருக்கு. "மலேரியா இல்லை" என்பது எழுதுபவரின் மனத்தில் "அப்படியென்றால் பாக்டீரியாவாக இருக்கும்" என்று மாறிவிட்டது.

மூக்குச் சளியில் ஒரே நேரத்தில் பல வைரஸ்களைத் தேடும் விலையுயர்ந்த பி.சி.ஆர். பரிசோதனையும் நம் பெருநகரத் தனியார் மருத்துவமனைகளில் பரவிவருகிறது. பின்லாந்தின் ஔலு நகரில், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் காய்ச்சலோடோ சளித் தொல்லையோடோ வந்த குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். பரிசோதனை செய்த பிரிவில் 27.3 சதவீதம் பேருக்கும், செய்யாத பிரிவில் 28.5 சதவீதம் பேருக்கும் ஆன்டிபயாடிக் போனது. சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வைரஸ் இருப்பது தெரிந்தாலும் கூடவே பாக்டீரியா இல்லை என்று அது உறுதி சொல்லாதே. மருத்துவமனையில் ஆர்.எஸ்.வி. குழந்தையைத் தனி அறையில் வைக்க, காய்ச்சல் பருவத்தில் இன்ஃபுளுவென்சாவைப் பிடிக்க அது உதவும். வெளிநோயாளர் பிரிவில் ஆயிரக்கணக்கில் செலவழித்து அதைச் செய்யச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், "முடிவு எப்படி வந்தால் மருந்தை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். புரோகால்சிடோனின் என்ற மற்றொரு ரத்தப் பரிசோதனை, குறைவாக வந்தால் பாக்டீரியா இல்லை என்று ஓரளவு நம்பிக்கையாகச் சொல்லும், ஆனால் சி.ஆர்.பி.யைவிடப் பல மடங்கு விலை. பிரிட்டனில் மருத்துவமனையில் சேர்ந்து ஊசி மருந்து பெற்ற குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வில் அது மருந்து நாட்களைக் குறைக்கவில்லை.

உங்கள் கேள்வியின் மையத்துக்கு இப்போதுதான் வருகிறேன்: வேக மூச்சு நிமோனியாவுக்கு மருந்தே கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? இதை இரண்டு இடங்களில் நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். மலாவியின் லிலோங்வேயில் வேக மூச்சு மட்டும் உள்ள, நெஞ்சு உள்வாங்காத குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக், மற்றவர்களுக்குப் பார்க்க அதே போலிருக்கும், மருந்தே கலக்காத வெறும் மருந்து. நான்காம் நாளுக்குள் சிகிச்சை பலிக்காமல் போனது அமாக்சிசிலின் பிரிவில் 4 சதவீதம், வெறும் மருந்துப் பிரிவில் 7 சதவீதம். கராச்சியில் 2.6 சதவீதமும் 4.9 சதவீதமும். மருந்தில்லாமலே 100க்கு 93 அல்லது 95 பேர் தேறினார்கள். ஆனால் மருந்து கொடுத்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய இரண்டு மூன்று குழந்தைகள் அந்த நூறு பேருக்குள் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் வேக மூச்சுக்கு அமாக்சிசிலின் என்ற தன் பரிந்துரையைக் கைவிடாததற்கு அந்த இரண்டு மூன்று பேரே காரணம்; அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். அந்த மூவர் யார் என்று முதல் நாளே சொல்லும் பரிசோதனைதான் நமக்கு வேண்டும். இன்று கையில் இருக்கும் எதுவும் தனியாக அதைச் சொல்லாது. சி.ஆர்.பி. அவர்களை ஒரு சிறு கூட்டத்துக்குள் அடக்கித் தரும். மிச்சத்தை மறுவருகைதான் பிடிக்க வேண்டும். ஆகவே இரண்டு நாள் கழித்து உங்களால் நிச்சயம் திரும்பி வர முடியும் என்றால் காத்திருப்பது நியாயம். ஊர் தொலைவு, பஸ் இல்லை, கூலி வேலையை விட்டு வர முடியாது என்றால் நான் அமாக்சிசிலின் எழுதித்தான் அனுப்புவேன். 18 என்று வந்தாலும்.

எந்த மருந்து என்பதற்கும் இதே அளவு கவனம் வேண்டும். ஆன்டிபயாடிக் தேவை என்று முடிவானால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் சாதாரண நிமோனியாவுக்கு விலை மலிந்த, பழைய அமாக்சிசிலினே முதல் மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 40 மி.கி., நாளுக்கு இரு வேளை. ஆனால் இந்தியத் தனியார் மருந்து விற்பனையை ஆராய்ந்த ஓர் ஆய்வு, 2019இல் மிக அதிகம் விற்ற ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரை என்றும், அடுத்தது செஃபிக்சிம் 200 மி.கி. என்றும் காட்டியது. குழந்தைகளின் சிரப் சீட்டிலும் இந்த இரண்டு பெயர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பெனிசிலினுக்குச் சற்று எதிர்ப்புக் காட்டும் நியூமோகாக்கஸிடம் செஃபிக்சிம் பலவீனமானது. அசித்ரோமைசினுக்கு நம் பகுதியின் நியூமோகாக்கஸ் பெருமளவு பழகிவிட்டது. அது தேவைப்படுவது மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்கு; அதற்குச் செல்சுவர் இல்லாததால் அமாக்சிசிலின் அதைத் தொடாது. ஆனால் அது பெரும்பாலும் பள்ளி செல்லும் வயதினரின் நோய், இரண்டு வயதில் அரிது. மைக்கோபிளாஸ்மாவும் நோயில்லாத குழந்தைகளின் தொண்டையில் இருப்பதுண்டு என்பதால், பரிசோதனை "ஆம்" என்றதும் மருந்தை மாற்றிவிட முடியாது.

எத்தனை நாள்? இந்தியாவிலேயே 2004இல் வெளியான ஆய்வில் சாதாரண நிமோனியா குழந்தைகளுக்கு மூன்று நாள் அமாக்சிசிலினும் ஐந்து நாள் அமாக்சிசிலினும் ஒரே மாதிரி, இரண்டிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேரைக் குணமாக்கின. பின்னர் பிரிட்டன், அயர்லாந்து குழந்தைகளிடமும் மூன்று நாள் ஏழு நாளுக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. மூன்றா ஐந்தா என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். பத்து நாள் என்று எழுதினால் காரணம் கேட்பது தவறில்லை.

இந்த இரண்டு நாள் நீங்கள் செய்ய வேண்டியவை. காலையும் மாலையும் அவன் தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணி ஒரு தாளில் நேரத்தோடு எழுதி வையுங்கள். தாய்ப்பாலோ, கஞ்சியோ, தண்ணீரோ அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குடிக்க மறுத்தால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்ப எழுப்பத் துவண்டு விழுந்தால், அமைதியாக இருக்கும்போதே மூச்சை இழுக்கையில் கரகரவென்று சத்தம் வந்தால், நெஞ்சு உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால் இரண்டு நாளைக்கு நிற்க வேண்டாம், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். ஆக்சிஜன் 90க்குக் கீழ் இறங்கிய குழந்தையை மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தாலும், பெரியவர்களுக்கான கருவி இரண்டு வயது விரலில் சரியாக நிற்காது. அது நல்ல எண் காட்டியது என்று குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கும், மிகவும் மெலிந்த, சத்துக் குறைவான குழந்தைக்கும் இந்தக் காத்திருப்பு முறை அறவே பொருந்தாது.

மறுபடி போகும்போது மூச்சு எழுதிய தாளையும் பழைய சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சல் இறங்கி, மூச்சு 40க்குள் வந்திருந்தால் சி.ஆர்.பி. மறுபடி தேவையில்லை. காய்ச்சல் நீடித்து எண் 18இலிருந்து 70, 80 என்று ஏறியிருந்தால், அந்த ஏற்றம் முதல் நாள் எண்ணைவிட அதிகம் சொல்லும். அமாக்சிசிலின் தொடங்க அன்று தயங்க வேண்டாம். நியூமோகாக்கஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2017 முதல் சில மாநிலங்களிலும் 2021 முதல் நாடு முழுவதும் ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். ஒரு தவணை விட்டிருந்தால் அதே வருகையில் கேளுங்கள். வீட்டு அலமாரியில் அக்காள் குழந்தைக்கு வாங்கி மீந்த சிரப் இருந்தால் அதைக் கொடுக்க வேண்டாம். தண்ணீர் கலந்த பிறகு அது ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது.